சூரிச்சில் இறங்கி வியன்னாவில் முடிக்கும் ஆல்ப்ஸ் ரயில் பயணம்: இந்த வரிசை சரிவருமா?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் நடுவில் அம்மா, 13 வயது மகன், நான் என மூன்று பேர் ஆல்ப்ஸ் பக்கம் போகிறோம். முழுக்க ரயில்தான். மலை வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப அம்மாவுக்குத் தலைசுற்றும். ரயிலில் அந்தத் தொல்லை இல்லை.

சூரிச்சில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்புகிறோம். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இனி அதை மாற்ற முடியாது. நடுவில் 13 இரவுகள். இப்போதைக்கு நான் போட்டிருப்பது:

சூரிச் 1, லூசர்ன் 1, இன்டர்லாக்கன் 2, செர்மாட் 2, செயின்ட் மோரிட்ஸ் 1, மிலான் 1, வெரோனா 1, போல்சானோ 1, இன்ஸ்புருக் 1, சால்ஸ்பர்க் 1, வியன்னா 1.

செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு கிளேசியர் எக்ஸ்பிரஸ், அங்கிருந்து இத்தாலி எல்லையில் உள்ள திரானோவுக்கு பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று நினைத்திருக்கிறேன். பாஸ் இருந்தாலும் இரண்டுக்கும் இருக்கைக் கட்டணம் தனி என்கிறார்கள். மூன்று பேருக்குச் சேர்த்தால் பெரிய தொகை. இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா?

ஸ்விட்சர்லாந்துக்கு மட்டுமான ஸ்விஸ் டிராவல் பாஸா, பல நாடுகளுக்கும் பொதுவான யூரெயில் பாஸா? விசாவை எந்த நாட்டிடம் கேட்பது? இன்னொரு கவலை: ஆப்பில் பார்த்தால் வண்டி மாற 6 நிமிடம், 7 நிமிடம் என்றுதான் காட்டுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏறுவது சிரமம்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சன்னல் பக்கம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அது நிறைவேறினால் போதும், மற்றதை எல்லாம் விட்டுக்கொடுக்கத் தயார்.

மழைக்காகிதம்:

கிளேசியர் எக்ஸ்பிரஸை விடாதீர்கள் என்பேன். சன்னல் கூரை வரை வளைந்து போகும், உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வரும், எங்கேயும் இறங்கி மாற வேண்டியதில்லை. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை ஏறத்தாழ 8 மணி நேரம். 291 பாலம், 91 சுரங்கம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. முன்பதிவு கட்டாயம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை இந்த வண்டி ஓடாது, செப்டம்பருக்குப் பிரச்சினை இல்லை.

பனிக்கணவாய்:

வணக்கம் தங்கச்சி. நான் இருப்பது ஸ்விட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில். லீவு நாளில் வெளிக்கிட்டால் பெரும்பாலும் இந்த மலைப் பாதைகளில்தான் நிற்பேன். உங்கட அம்மா கேட்டதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவ கேட்டது சரியான விஷயம். ஆனால் நீங்கள் போட்ட வரிசையில் அதுதான் குறைவாகக் கிடைக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் ஊர்களை எண்ணியிருக்கிறீர்கள். ஆல்ப்ஸை ரயிலில் பார்க்க வருகிறவர் எண்ண வேண்டியது ரயில் மலையைக் கடக்கிற இடங்களை. எந்தக் கணவாயை, எந்தப் பாதையில், எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வசதியான ஊர்களில் தங்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் என்ன நடக்கும் என்றால், ஊரிலிருந்து ஊருக்கு ஆப்பில் வழி தேடுவீர்கள், அது மிகக் கெதியான வழியைக் காட்டும். இன்றைக்கு ஆல்ப்ஸில் கெதியான வழி என்றால் மலைக்கு அடியால் போகிற நீளச் சுரங்கம். சன்னலுக்கு வெளியே கறுப்பு மட்டும்தான்.

உதாரணத்துக்குக் கோட்டார்டு மலைப் பாதையைப் பாருங்கள். 2016இல் திறந்த புதிய சுரங்கம் 57 கிலோமீட்டர். சூரிச்சிலிருந்து மிலான் போகிற வேக வண்டி அதற்குள்ளால்தான் போகும். 1882இல் திறந்த பழைய பாதை இன்னும் மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே வாஸன் என்ற கிராமத்துத் தேவாலயத்தை மூன்று தரம் பார்க்கலாம்: முதலில் தலைக்கு மேலே, பிறகு நேருக்கு நேர், கடைசியில் காலடியில். பாதை மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் அப்படி. ஆப் அதைத் தானாக ஒருநாளும் காட்டாது, கோஷனன் வழியாக என்று நீங்கள் கொடுத்தால்தான் வரும்.

லோட்ஷ்பெர்க் மலைப் பாதையும் அதே கதைதான். ஸ்பீட்ஸிலிருந்து தெற்கே போகிற வேக வண்டிகள் 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய்விடும். காண்டர்ஸ்டெக் வழியாகப் போகிற ரீஜியோ எக்ஸ்பிரஸ் 1913ஆம் ஆண்டுப் பாதையில் ஏறி, பழைய சுரங்கத்தைத் தாண்டி, ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே மலைச்சரிவை ஒட்டியே பிரிக் வரை இறங்கும். அந்த இறக்கத்தில் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஸ்விஸ் ரயில்வே ஆப்பில் ‘வயா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் உங்களுக்கு மிகவும் உதவப் போவது அந்தக் கட்டம்தான்.

இனி உங்கள் வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு இரவும் ஊர் மாறினால், ஒவ்வொரு காலையும் சூட்கேஸ் கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்கு ஓடி, மத்தியானம் அடுத்த ஊரில் அறை திறக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு இது ஆகாது. மலையில் இன்னொரு சங்கடம், மேகம். ஒரு இரவு மட்டும் தங்கினால் அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் முடிந்தது. மூன்று இரவு தங்கினால் ஒரு காலையாவது வெளிக்கும் என்று நம்பலாம்.

நான் போடுவதாக இருந்தால் இப்படி:

லூசர்ன் 2, வெங்கன் 3, கூர் 1, பொன்ட்ரெசினா 2, வரென்னா 1, இன்ஸ்புருக் 2, வியன்னா 2.

மொத்தம் அதே 13 இரவுதான். சூரிச்சில் இறங்கின அன்றைக்கே லூசர்ன் போய்விடலாம், விமான நிலையத்துக்கு அடியிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. லூசர்னில் மறுநாள் கப்பலில் விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் (தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கிற பற்களைப் பிடித்து ஏறுகிற ரயில்) ரிகி மலைக்கு ஏறுங்கள். ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அது, 1871இல் தொடங்கியது. கப்பலும் ரயிலும் இரண்டுமே ஸ்விஸ் டிராவல் பாஸில் அடங்கும்.

லூசர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகிற வண்டி ப்ரூனிக் கணவாய் வழியாகப் போகும், முன்பதிவு கட்டாயமில்லை. லூசர்னில் ஏறும்போது வண்டி போகிற திசைக்கு வலப்பக்கம் இருங்கள். ஸார்னன் ஏரி, லுங்கர்ன் ஏரி இரண்டும் அந்தப் பக்கம். மைரிங்கனில் வண்டி திசை மாறி, வந்த பக்கமே திரும்ப வெளிக்கிடும். ஆட்கள் எழும்பி இடம் மாறுவார்கள். நீங்கள் எழும்பவே வேண்டாம், அதே இருக்கைதான் அடுத்து வருகிற பிரியன்ஸ் ஏரிக்கும் பக்கம்.

இன்டர்லாக்கனில் தங்குவதை விட வெங்கனில் தங்குங்கள். கார் போகாத மலைக் கிராமம், லவுட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயில் மேலே ஏற்றிவிடும். ரயில் ஸ்டேஷன் ஊருக்கு நடுவிலேயே. வெங்கன் வரை பாஸ் செல்லும், அதற்கு மேலே சலுகை மட்டும். மலை உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற யுங்ஃப்ராவ்யோக் ஸ்டேஷனுக்குப் போக நினைத்தால் டிக்கெட்டை முன்கூட்டி வாங்க வேண்டாம். அது விலை கூடின டிக்கெட். காலையில் எழும்பி வெப்கேமராவில் உச்சியைப் பாருங்கள், வெளித்திருந்தால் வாங்குங்கள். மேகம் என்றால் நடுவழியில் இருக்கிற கிளைன ஷைடெக் ஸ்டேஷன் வரை போனாலே போதும். ஐகர் மலை முகத்துக்கு முன்னால் நிற்கும்.

செர்மாட்டை எடுத்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். அது ஒரு பள்ளத்தாக்கின் முட்டுச்சந்து. விஸ்ப்பிலிருந்து உள்ளே போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வந்த வழியே வெளியேறவும் அவ்வளவு நேரம். அங்கே இருக்கிற மாட்டர்ஹார்ன் மலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றால் வெங்கனை விட்டுவிட்டு செர்மாட்டில் மூன்று இரவு தங்குங்கள். இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் இரண்டிலும் ஆறுதலாக இருக்க முடியாது.

இப்போது கிளேசியர் எக்ஸ்பிரஸ். மேலே நண்பர் எழுதினது சரி, ஆனால் முழுத் தூரமும் வேண்டாம். பிரிக்கில் ஏறி கூர் வரை எடுங்கள். நடுவே ஓபரால்ப் கணவாய், 2033 மீட்டர். பிறகு டிசென்டிஸ் தாண்டி ரைன் ஆற்றின் வெள்ளைப் பாறைப் பள்ளத்தாக்கு. இதே பாதையில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன, முன்பதிவு இல்லாமல். ஆனால் ஆண்டர்மாட்டிலும் டிசென்டிஸிலும் இறங்கி மாற வேண்டும். நானாக இருந்தால் சாதாரண வண்டியில்தான் போவேன், சில பெட்டிகளில் சன்னலைத் திறக்கலாம் என்பதற்காகவே. அன்றைக்கு வெங்கனிலிருந்து பிரிக் வருவதற்கே நீங்கள் மூன்று தரம் மாறியிருப்பீர்கள். அதற்கு மேலும் அம்மாவை இறக்கி ஏற்ற வேண்டாம். அந்த ஒரு நாளுக்கு இருக்கைக் கட்டணம் கொடுப்பது நியாயம்.

பெர்னினாவுக்குக் கொடுக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத்தின் உச்சமே இதுதான்.

கூரிலிருந்து திரானோ வரை பாதை ஒன்றுதான். எக்ஸ்பிரஸ் போகிற அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டி மணிக்கொன்று போகிறது. பாஸ் இருந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். கூரை வரை சன்னல் இருக்காது, ஆனால் நினைத்த இடத்தில் இறங்கி, அடுத்த மணி வண்டியில் திரும்ப ஏறலாம். எக்ஸ்பிரஸில் அது முடியாது.

கூரிலிருந்து முதல் பாதி அல்புலா பாதை. பிலிசூருக்குச் சற்று முன்னால் லாண்ட்வாஸர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், முழுக்கக் கல், வளைவாகக் கட்டினது. பாலம் முடிகிற இடத்தில் கரை இல்லை, செங்குத்தான பாறைச் சுவர். வண்டி பாலத்திலிருந்து நேரே அந்தச் சுவருக்குள் நுழைந்துவிடும். திசைக்கு வலப்பக்கம் இருந்தால் உங்கள் வண்டியின் முன்பெட்டிகள் வளைந்து பாறைக்குள் மறைவதை நீங்களே பார்க்கலாம். அதற்கு மேலே பெர்குனிலிருந்து ப்ரேடா வரை நேர்தூரம் 5 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற வேண்டிய உயரம் 400 மீட்டருக்கு மேல். அவ்வளவு செங்குத்தாக ரயில் ஏறாது. அதனால் பாதையை 12 கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, மலைக்குள்ளேயும் பாலங்களிலும் சுற்றவிட்டிருக்கிறார்கள். பெர்குன் கிராமம் ஒரு தரம் இந்தப் பக்கத்தில், இன்னொரு தரம் அந்தப் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் இன்னும் சின்னதாகத் தெரியும். உங்கள் மகன் நிச்சயம் திசை குழம்பிப் போவான். போனில் வரைபடத்தைத் திறந்து கையில் கொடுங்கள், நீலப் புள்ளி முடிச்சுப் போடுவதைப் பார்ப்பான். ப்ரேடாவுக்குப் பிறகு அல்புலா சுரங்கம். 1903ஆம் ஆண்டுச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தோண்டி 2024இல் திறந்தார்கள்.

பொன்ட்ரெசினாவில் இரண்டு இரவு போட்டதற்குக் காரணம் அடுத்த பாதி. முதல் நாள் சாமான் எதுவும் இல்லாமல் ஆல்ப் கிரூம் வரை மட்டும் போய் வாருங்கள். வழியில் மொர்ட்டராட்ஷ் பனியாறு, பிறகு லாகோ பியாங்கோ ஏரி. ஓஸ்பிசியோ பெர்னினா ஸ்டேஷன் 2253 மீட்டரில் இருக்கிறது. பல்சக்கரம் இல்லை, வெறும் சக்கரமும் தண்டவாளமும் பிடித்துக்கொள்கிற பிடியில் 7 சதவீதச் சரிவை ஏறி அந்த உயரத்துக்கு வந்து சேர்கிறது வண்டி. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஏரிகளில் ஒன்றின் தண்ணீர் இன், டான்யூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது, மற்றதன் தண்ணீர் போ ஆறு வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்கு. ஆல்ப் கிரூமில் இறங்கினால் ஸ்டேஷனிலேயே உணவகம், வாசலுக்கு எதிரே பாலு பனியாறு. அம்மா ஒரு படி கூட ஏறத் தேவையில்லாமல் 2091 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் திரும்புங்கள். இரண்டை விட்டாலும் தப்பில்லை.

மறுநாள் சாமானோடு முழுவதும் இறங்குங்கள். ஆல்ப் கிரூமிலிருந்து பாதை கொண்டை ஊசிகளாக மடிந்து மடிந்து பொஸ்கியாவோவுக்கு இறங்கும். புரூசியோவில் ஒரு வட்டப் பாலம், வண்டி தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து போகும். திரானோ 429 மீட்டர். காலையில் பனியாற்றுக் குளிர், மத்தியானம் திராட்சைத் தோட்டம். இந்தப் பாதைக்கு 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. திரானோவில் வண்டி ஊர்த் தெருவிலேயே, பெரிய தேவாலயத்தின் முன்னால் போகும். பொன்ட்ரெசினாவில் ஏறும்போதும் வலப்பக்கம்தான்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

செம்பருத்தி:

பனிக்கணவாய் ஐயா பாதையைச் சொல்லிவிட்டார், நான் சாமானையும் உடம்பையும் பற்றிச் சொல்கிறேன். அப்பாவோடு இதே பக்கம் போய் வந்தோம், அவருக்கும் மூட்டு வலி.

ஆளுக்கு ஒரு சின்னச் சூட்கேஸ், ஒரு கைப்பை, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பெரிய சூட்கேஸை வைக்கும் இடம் மலை ரயில்களில் குறைவு. ஸ்விட்சர்லாந்துக்குள் ஒரு ஸ்டேஷனில் சாமானைக் கொடுத்து இன்னொரு ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளும் சேவை இருக்கிறது. கட்டணம் உண்டு, எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். லூசர்னில் கொடுத்துப் பொன்ட்ரெசினாவில் எடுக்கிற மாதிரி வைத்தால், வெங்கனுக்கும் கூருக்கும் ஒரு தோள்பை போதும். அம்மாவைப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு ஒரு கை மிச்சமாகும்.

6 நிமிடத்தில் மாறுவதைப் பற்றிப் பயப்படாதீர்கள். அங்கே 1982 முதல் வண்டிகள் மணிக்கொரு முறை, அதே நிமிடத்தில் ஓடும்படி அட்டவணை அமைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தது. பாஸ் எந்த ஒரு வண்டிக்கும் கட்டுப்பட்டதில்லை, அபராதம் எதுவும் வராது. நாங்கள் வேண்டுமென்றே ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறுவோம், நடுவில் அப்பா காபி குடிப்பார். கிளேசியருக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது, குறித்த வண்டியில்தான் ஏற வேண்டும். அன்று ஒரு மணி நேரம் முந்தியே கிளம்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஊர்க் கடைகள் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். சனிக்கிழமையே தேவையானதை வாங்கி வையுங்கள்.

யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர். அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மேலே போனால் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், தலை கனத்தால் உடனே இறங்கிவிடுங்கள்.

ஜன்னலோரம்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆல்ப் கிரூம் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மகன் லாண்ட்வாஸர் பாலத்தின் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். செர்மாட் விடுபட்டதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் வெங்கனில் மூன்று இரவு என்றதும் ஒப்புக்கொண்டுவிட்டான்.

உங்கள் வரிசையையே எடுத்துக்கொள்கிறேன். வரென்னா எதற்கு என்று மட்டும் புரியவில்லை, நேரே மிலான் போய்விடலாமே? பாஸ், விசா இரண்டும் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது. 8 இரவு ஸ்விட்சர்லாந்து என்றால் 8 நாள் பாஸில் திரானோ போகிற ஒன்பதாவது நாள் விடுபட்டுவிடுகிறதே?

பனிக்கணவாய்:

நல்ல கேள்வி. பாஸை இறங்குகிற நாளில் தொடங்க வேண்டாம். அன்றைக்கு விமான நிலையத்திலிருந்து லூசர்னுக்குத் தனி டிக்கெட் எடுங்கள், தூரம் அதிகமில்லை. மறுநாள் ரிகி போகிற காலையிலிருந்து 8 நாள் பாஸைத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் கடைசி நாள் திரானோ இறங்குகிற நாளாக வரும். திரானோ இத்தாலியில் இருந்தாலும் அந்த ஸ்டேஷன் வரை பாஸ் செல்லும். மகனுக்கு 16 ஆகவில்லை, அதனால் உங்கள் பாஸோடு ஃபேமிலி கார்டு கேளுங்கள், அவனுக்கு இலவசம். யூரெயில் உங்களுக்குப் பொருந்தாது. அதில் லூசர்ன் ஏரிக் கப்பல், ரிகி, வெங்கன் மாதிரி இடங்களுக்குச் சலுகை மட்டும்தான் கிடைக்கும், இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் நீங்கள் ஓடுகிற நாட்களோ கொஞ்சம். அங்கே தனித்தனி டிக்கெட்தான் மலிவு.

விசா: மூன்றும் ஷெங்கன் நாடுகள், ஒரு விசா போதும். எந்த நாட்டில் இரவுகள் அதிகமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு ஸ்விட்சர்லாந்து 8, ஆஸ்திரியா 4, இத்தாலி 1. ஆகவே ஸ்விஸ். புறப்படுவதற்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள் முன்பு. அந்தக் கடைசி எல்லை வரை போகாதீர்கள். ஹோட்டல் பதிவும் நீங்கள் எழுதிக் கொடுக்கிற இரவுக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். அதனால் முதலில் ரத்து செய்யக்கூடிய அறைகளாக எடுங்கள்.

வரென்னா பற்றி. திரானோவிலிருந்து மிலானுக்குப் போகிற வட்டார ரயில் கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே போகிறது, வரென்னா அந்தக் கரையில் இருக்கிற சின்ன ஊர். மலையிலிருந்து இறங்கின அன்றைக்கே பெருநகரத்துக்குள் நுழைய வேண்டாம் என்பதற்காகத்தான் போட்டேன். ஏரி திசைக்கு வலப்பக்கம் வரும். இந்த வண்டிக்கு முன்பதிவும் இல்லை, முன்கூட்டி எடுத்தால் மலிவு என்பதும் இல்லை, திரானோவிலேயே எடுக்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடைக் கருவியில் கட்டாயம் முத்திரை போடுங்கள், போடாவிட்டால் அபராதம்.

வரென்னாவிலிருந்து இன்ஸ்புருக் போகிற நாள் நீளமான நாள், அதைச் சொல்லிவிட வேண்டும். மிலானில் ஒரு மாற்றம், வெரோனாவில் ஒரு மாற்றம். வெரோனாவிலிருந்து பிரென்னர் வழியாக இன்ஸ்புருக் மூன்றரை மணி நேரம் அளவில். ஆனால் இந்தப் பாதையைத் தவறவிடச் சொல்ல மாட்டேன். 1867இல் போட்ட பாதை. உச்சியில் சுரங்கமே இல்லை, 1371 மீட்டரில் கணவாயின் மேலேயே ரயில் வெளிச்சத்தில் கடந்து போகிறது. இதற்கு அடியில் 55 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்தால் வேக வண்டிகள் எல்லாம் கீழே போய்விடும். மேலே போகிற காலத்திலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வண்டிக்கும் மிலான்–வெரோனா வேக வண்டிக்கும் டிக்கெட்டும் இருக்கையும் முன்கூட்டியே எடுங்கள். மிலானில் மாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள், பெரிய ஸ்டேஷன், நடை அதிகம்.

இன்ஸ்புருக்கிலிருந்து வியன்னாவுக்கு வேக வண்டி நாலேகால் மணி நேரம் அளவில். அது சால்ஸ்பர்க்குக்கு முன்னால் ஜெர்மனியின் ஒரு மூலையால் குறுக்கே போய்விடும், மலை கொஞ்சம் விலகி நிற்கும். கிட்ஸ்பியூல், ஸெல் ஆம் ஸே வழியாக சால்ஸ்பர்க் போகிற பழைய பாதை ஆஸ்திரியாவுக்குள்ளேயே மலைகளுக்கு நடுவால் போகும். சால்ஸ்பர்க் வரை ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம். அன்றைக்கு அம்மா களைத்திருந்தால் வேக வண்டி, உற்சாகமாக இருந்தால் மற்றது. எதையும் இப்போதே கட்டிப்போட வேண்டாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஆஸ்திரிய ரயில்வேயின் சலுகை டிக்கெட் குறித்த வண்டிக்கு மட்டும் செல்லும், முந்தி எடுத்தால்தான் மலிவு. நீங்களே பேசி முடிவெடுங்கள்.

மழைக்காகிதம்:

வியன்னாவில் இரண்டு இரவு என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அங்கிருந்து அரை நாளில் செம்மரிங் போய் வரலாம். 1848 முதல் 1854 வரை கார்ல் ஃபான் கெகா என்ற பொறியாளர் கட்டிய 41 கிலோமீட்டர் மலைப் பாதை. கட்டத் தொடங்கியபோது அந்தச் சரிவை ஏறக்கூடிய இன்ஜினே கிடையாது. பாதை பாதி எழும்பிய பிறகு 1851இல் போட்டி வைத்துத்தான் இன்ஜினைத் தேடினார்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. க்ளாக்னிட்ஸ் தாண்டியதும் வண்டியின் வேகம் குறையும், இரண்டடுக்குக் கல் பாலங்கள் வரும். இதற்கு அடியிலும் புதுச் சுரங்கம் தோண்டுகிறார்கள். பெர்னினாவைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மலை சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஆல்ப்ஸில் ரயில் மலையேறக் கற்றுக்கொண்டது இங்கேதான், மகனுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஜன்னலோரம்:

செம்மரிங்கையும் சேர்த்துவிட்டேன், நகரத்துக்கு ஒரு பாதி நாள், மலைக்கு ஒரு பாதி நாள். விசா விண்ணப்பத்துக்கு நாள் வாங்கிவிட்டேன். அண்ணா, கடைசியாக ஒன்று: எதை முதலில் வாங்குவது?

பனிக்கணவாய்:

முதலில் வெங்கன், பொன்ட்ரெசினா அறைகள், ரத்து செய்யக்கூடியதாக. செப்டம்பரில் மலை நடக்கிறவர்கள் கூட்டமாக வருவார்கள், சின்ன ஊர்களில் அறை குறைவு. வெங்கனில் ஸ்டேஷனுக்குப் பக்கமாக, லிஃப்ட் உள்ள இடமாகக் கேளுங்கள், ஊர் சரிவில் இருக்கிறது. விசா கைக்கு வந்த பிறகு மிலான்–வெரோனா, வெரோனா–இன்ஸ்புருக், வியன்னா டிக்கெட்டுகள். பாஸ் கடைசி வாரத்தில் வாங்கினாலும் அதே விலைதான். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா நாட்களையும் ஆப்பில் திரும்பத் தேடிப் பாருங்கள். மலைப் பாதைகளில் பராமரிப்பு வேலைக்காகச் சில பகுதிகளை மூடிப் பேருந்து விடுவார்கள், அது அதில் தெரிந்துவிடும்.

கிளேசியரில் பிரிக்–கூர் இருக்கையை முன்பதிவு திறந்தவுடன் எடுங்கள். இரண்டாம் வகுப்பில் நடுவே மேசை, இந்தப் பக்கம் இரண்டு, எதிரே இரண்டு. இருக்கைப் படத்தைப் பார்த்து ஒரே மேசையில் மூன்று இடம் கேளுங்கள். சன்னலோரம் இரண்டும் அம்மாவுக்கும் மகனுக்கும்.